டோல்கீன் உலகில் யார் மூத்தவர்?

கேள்வி இதுதான்: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் காட்டோரம் பாடித் திரியும் டாம் பாம்படில் "எல்லாருக்கும் மூத்தவன் நான்தான்" என்கிறார். பிறகு மந்திரவாதி கேண்டால்ஃப், நடந்து பேசும் மரம் போன்ற ட்ரீபியர்டைத்தான் மூத்தவர் என்கிறார். அதே கேண்டால்ஃப், மோரியா என்கிற குள்ளர் சுரங்கத்துக்குக் கீழே, கதையின் பெரும் எதிரியான சௌரானைவிடப் பழைய பெயரற்ற ஜந்துக்கள் இருப்பதாகவும் சொல்கிறார். மூன்றும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? டோல்கீன் எழுதியதை மறந்துவிட்டாரா?

மறக்கிற ஆள் இல்லை அவர். 1944இல் நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது, கதையின் ஓரிடத்தில் நிலவு உதிக்கும் அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மறைகிறது என்று கண்டுபிடித்து, பழைய அத்தியாயங்களைத் திருத்த ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்தவர். நிலவுக்கே கணக்குப் பார்த்தவர், 'மூத்தவர்' பட்டத்தை ஞாபகப் பிசகில் மூன்று பேருக்குக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த மூப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொண்டால் முடிச்சில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும். அவிழாமல் கொஞ்சம் மிஞ்சும். உண்மையான சுவாரசியம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

முதலில் பிறப்புக் கணக்கு. டோல்கீன் 1973இல் இறந்தார். அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியான 'சில்மரிலியன்' நூலின்படி, எல்லாவற்றுக்கும் முன் இருப்பவர் ஏரு, இன்னொரு பெயரில் இலூவதார். அவருடைய எண்ணத்திலிருந்து தோன்றியவர்கள் ஐனூர். அவர்கள் பாடிய இசையில்தான் உலகத்தின் வரைபடமே உருவானது. அதற்குப் பிறகுதான் உலகம். ஐனூரில் ஒரு பகுதியினர் உலகத்துக்குள் இறங்கினார்கள். அவர்களில் பெரியவர்கள் வாலார், அடுத்த படியில் இருப்பவர்கள் மையார். கேண்டால்ஃப், இன்னொரு மந்திரவாதியான சாருமான், சௌரான், மோரியாவில் இருந்த நெருப்புப் பூதமான பால்ராக் எல்லாருமே மையார் இனம். ஆக, தாடிக் கிழவராக நாம் பார்க்கிற கேண்டால்ஃப், கல்தோன்றி மண்தோன்றாக் காலத்துக்கும் முந்தியவர்.

அப்படியானால் சௌரானைவிடப் பழையது என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? உலகமே அவனுக்குப் பிறகுதானே?

இதற்குத் துப்பு கரத்ராஸ் மலையில் கிடைக்கிறது. சௌரானின் மோதிரத்தை அழிக்கப் புறப்பட்டுப் பனிப்புயலில் சிக்கிக்கொண்ட குழு, இது எதிரியின் வேலையா என்று வாதிடுகிறது. அப்போது குழுவில் ஒருவரான அராகார்ன், சௌரானோடு எந்தக் கூட்டும் இல்லாமல் இரண்டு கால் மனிதர்களை வெறுக்கிற சங்கதிகள் பல உண்டு, அவற்றில் சில அவனைவிட அதிகக் காலமாக இந்த உலகத்தில் இருப்பவை என்கிற பொருளில் பேசுகிறார். 'இந்த உலகத்தில்' என்பதைக் கவனியுங்கள். வயது மூப்பு வேறு, பணிமூப்பு வேறு. வயதில் பெரியவர் அலுவலகத்தில் நேற்று சேர்ந்தவராக இருக்கலாம். இந்த நாவலின் மாந்தர்கள் 'பழையது' என்று சொல்லும்போது பெரும்பாலும் பணிமூப்பைத்தான் சொல்கிறார்கள் என்பது என் வாசிப்பு. எப்போது படைக்கப்பட்டான் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, இந்த மண்ணில் எப்போது கால் வைத்தான் என்பதே முக்கியம்.

இப்போது ட்ரீபியர்ட். கேண்டால்ஃப் அவருக்குக் கொடுக்கிற பட்டத்தில் நிபந்தனைகள் உண்டு: மிடில் எர்த்தில் (கதை நடக்கிற நிலம்), சூரியனுக்குக் கீழே, இன்னும் நடமாடுகிற உயிர்களில் மூத்தவர். தேர்ந்த வக்கீல் எழுதிய வாசகம் மாதிரி இருக்கிறது. ட்ரீபியர்டின் இனமான எண்ட் தோன்றிய கதையும் 'சில்மரிலியன்' நூலில் வருகிறது. வாலாரில் ஒருவரான ஔலே குள்ளர் இனத்தைத் தன்னிஷ்டத்துக்குச் செய்துவிட, அவர்கள் கோடரியோடு வரப்போகிறார்களே என்று அவர் மனைவி யவன்னா தன் மரங்களுக்காகக் கவலைப்படுகிறாள். ஏருவின் மக்கள் விழித்தெழும்போது மரங்களின் காவலர்களும் எழுவார்கள் என்று அவளுக்குப் பதில் கிடைக்கிறது. ஏருவின் மக்களில் மூத்தவர்கள் எல்ஃப்கள். ஆக ட்ரீபியர்ட் அதிகபட்சம் எல்ஃப்கள் விழித்தெழுந்த காலத்து ஆள், அதற்கு முந்தியவர் இல்லை. அவருக்கே பேச்சு கற்றுக்கொடுத்தது எல்ஃப்கள்தான். முதல் எண்ட்களில் மிஞ்சியவர்கள் மூன்றே பேர் என்று அவரே சொல்கிறார், ஃபிங்லாஸும் ஃப்ளாட்ரிஃபும் மற்ற இருவர். சதையும் நாருமாக உயிர் வாழ்கிறவர்களில் மூத்தவர் என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. டாம் அந்தக் கணக்கில் வருகிற 'உயிர்'தானா என்பதே சந்தேகம், அதனால் இரண்டு கூற்றும் மோதவில்லை.

குள்ளர்களின் ஏழு மூதாதையர் எல்ஃப்களுக்கு முன்பே செய்யப்பட்டவர்கள், ஆனால் தூங்க வைக்கப்பட்டு, எல்ஃப்கள் விழித்த பிறகே எழுந்தவர்கள். தூங்கிய காலத்தைச் சேர்ப்பதா கூடாதா என்று ரசிகர்கள் சண்டை போடுவதுண்டு, அதை அவர்களிடமே விட்டுவிடலாம். கப்பல் கட்டுகிற கிர்தான், எல்ஃப்களிலேயே மிக மூத்தவர்களில் ஒருவர், தாடி வளர்ந்த எல்ஃப். அவரிடம் புதிர் ஒன்றும் இல்லை.

புதிர் அங்கோலியன்டில் தொடங்குகிறது. வாலார் வாழ்ந்த தேசத்துக்குத் தெற்கே, அவதார் என்கிற இருட்டுக் கரையில், சிலந்தி உருவில் ஒளிந்திருந்தவள். (பெயர் தற்செயலாக நம் 'அவதாரம்' போல ஒலிக்கிறது. எல்ஃப் மொழியில் அதற்கு நிழல்கள் என்று பொருள்.) அவளுக்கு வெளிச்சம் வேண்டும், குடிப்பதற்கு. உலகத்துக்கே ஒளி கொடுத்த இரண்டு மரங்களை, சௌரானின் எஜமானும் முதல் இருள் அரசனுமான மெல்கோர் ஈட்டியால் குத்த, காயத்தில் வாய் வைத்து அவள் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாள். அப்புறம் வாலாரில் ஒருத்தியான வார்தாவின் ஒளிக் குளங்களையும் குடித்துத் தீர்த்தாள். குடிக்கக் குடிக்க ஊதிப் பெருத்து, கூட்டி வந்த மெல்கோரே பயப்படும் அளவுக்கு ஆனாள். திருடி வந்த மணிகளைக் கொடு என்று அவனை வலையில் சுற்றி நெரித்தபோது அவன் போட்ட கூச்சல் கேட்டு, பால்ராக்குகள் நெருப்புச் சாட்டையோடு ஓடிவந்து மீட்க வேண்டியிருந்தது. உலகத்தில் இறங்கியவர்களிலேயே ஆற்றல் மிக்கவன் மெல்கோர். அவன் உதவிக்குக் கூவிய இடம் இது.

இவள் எங்கிருந்து வந்தாள்? எல்ஃப்களுக்குத் தெரியவில்லை என்று நூல் சொல்கிறது. உலகத்தைச் சூழ்ந்த இருட்டிலிருந்து இறங்கி வந்தாள், ஆதியில் மெல்கோர் கெடுத்துத் தன் பக்கம் சேர்த்தவர்களில் ஒருத்தி என்று 'சிலர் சொன்னார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முடிவும் அப்படித்தான்: பசி தாளாமல் கடைசியில் தன்னைத் தானே தின்று தீர்த்தாள் என்று சொல்லப்படுகிறது, பார்த்தவர் யாரும் இல்லை. டோல்கீனின் மிக ஆரம்பகாலக் கதைகளில் இது இன்னும் முரட்டுத்தனமாக இருந்தது. அங்கே வாலாருக்கே அவள் பிறப்பிடம் தெரியாது. பின்னாளில் இறையியல் ஒழுங்கு கூடக் கூட, அவளை ஐனூர் வரிசைக்குள் கொண்டுவர அவர் பாதி முயன்றிருக்கிறார். அந்த முயற்சி முழுமை பெறாததே நல்லது என்பேன். எனக்கு அவளை மையார் பட்டியலில் ஒரு வரியாகப் பார்க்க மனம் வரவில்லை.

அடுத்து, பெயரற்றவை. கேண்டால்ஃப் மோரியாவின் பாலத்திலிருந்து பால்ராக்கோடு விழுந்தது மூன்றாம் யுகம் 3019, ஜனவரி 15. மலையுச்சியில் அவர்கள் வெளிப்படுவது ஜனவரி 23. நடுவில் எட்டு நாள். நாவலில் அதற்குக் கிடைத்திருப்பது கேண்டால்ஃப் வாய்மொழியாக ஒரு பத்தி, அவ்வளவே. ஆழத்து நீரில் விழுந்ததும் பால்ராக்கின் நெருப்பு அணைகிறது. அது மலைப்பாம்பைவிட வலுவாக நெரிக்கிற வழுவழுப்பான ஏதோ ஒன்றாகிவிடுகிறது. இருவரும் இருட்டில் கட்டிப் புரள்கிறார்கள். கடைசியில் அது தப்பி ஓடுகிறது. ஓடுகிற இடமோ குள்ளர்கள் தோண்டிய எந்தச் சுரங்கத்துக்கும் வெகு கீழே. அங்கே பெயரில்லாத ஜந்துக்கள் உலகத்தைக் கடித்து அரித்துக்கொண்டிருக்கின்றன. சௌரானுக்கே அவற்றைத் தெரியாது, அவை அவனைவிடப் பழையவை என்கிறார் கேண்டால்ஃப். அவற்றை வர்ணித்துப் பகல் வெளிச்சத்தை இருட்டாக்க மாட்டேன் என்று பேச்சை வெட்டிவிடுகிறார்.

இந்தப் பத்தியில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஜந்துக்கள் இல்லை. அந்த இடத்தில் கேண்டால்ஃப் செய்கிற காரியம். வழி தெரியாத பொந்துகளில் அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை அவருடைய எதிரிதான். பால்ராக்குக்கு வழி தெரியும். அதன் குதிகாலைப் பிடிக்கிற தூரத்தில் விடாமல் துரத்திப் போனால்தான் அவரும் வெளியேற முடியும். தன்னைக் கொல்ல வந்ததையே வழித்துணையாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். அதோடு பால்ராக் அங்கே நின்று சண்டை போடவில்லை, மேலே ஏறத்தான் பார்க்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். என்ன இருந்தது என்று கேண்டால்ஃப் சொல்லாதது அந்த ஓட்டத்திலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது.

'பெயரற்றவை' என்பது வெறும் பயமுறுத்தல் சொல் இல்லை என்பது இன்னொரு விஷயம். டோல்கீன் தொழிலால் மொழியறிஞர். அவர் உலகத்தில் பெயர் வைப்பது பெரிய காரியம். எல்ஃப்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட முதல் பெயரின் பொருளே 'குரலால் பேசுகிறவர்கள்', பார்த்ததற்கெல்லாம் பெயர் வைத்தவர்கள் அவர்கள். ட்ரீபியர்டின் முழுப்பெயர் அவர் வாழ்க்கைக் கதை அளவுக்கு நீளம், வாழ வாழ வளர்ந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட உலகத்தில் ஒன்றுக்குப் பெயர் இல்லை என்றால், பெயர் வைக்கத் தெரிந்த எவரும் அதைப் பார்த்ததில்லை, அல்லது பார்த்தவர் பேச விரும்பவில்லை என்று அர்த்தம்.

இவை எப்படித் தோன்றின என்பதற்கு நூலில் ஒரு வரி கூடக் கிடையாது. ஐனூரின் இசையில் மெல்கோர் நுழைத்த அபசுரத்திலிருந்து, யாருடைய திட்டத்திலும் இல்லாமல், உலகத்தோடு கூடவே இவையும் விளைந்திருக்கலாம் என்று வாசகர்கள் ஊகிப்பதுண்டு. எனக்கும் அது பிடித்த ஊகம். பணிமூப்புக் கணக்கோடும் பொருந்துகிறது: சௌரான் உலகத்துக்குள் வந்தவன், இவை உலகத்துக்குள்ளேயே விளைந்தவை. மோரியா வாசல் ஏரியில், மோதிரத்தைச் சுமக்கிற ஹாபிட் (குட்டி மனிதன்) ஃப்ரோடோவின் காலைப் பிடித்து இழுத்த, பல கைகள் கொண்ட காவலன் இவற்றில் ஒன்றா என்றும் கேட்பார்கள். மலைக்கு அடியிலிருக்கும் இருட்டுத் தண்ணீரிலிருந்து ஏதோ ஊர்ந்து வந்திருக்கிறது, அல்லது துரத்தப்பட்டு வந்திருக்கிறது என்று கேண்டால்ஃப் சொல்வதால் அப்படி நினைக்க இடம் உண்டு. அதற்கு மேல் நிரூபிக்க வழியில்லை.

இப்போது டாம் பாம்படில். நீலக் கோட்டு, மஞ்சள் பூட்ஸ், தொப்பியில் இறகு, வாய் ஓயாத பாட்டு. ஆதிமூலப் புதிருக்கு இதைவிடப் பொருந்தாத வேஷம் இருக்க முடியாது. பல வாசகர்கள் அவர் வரும் அத்தியாயங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முதல் வாசிப்பில் தாண்டினேன்.

இரண்டாம் முறை படித்தபோதுதான், மாட்டியவரை மறைய வைக்கிற சௌரானின் மோதிரம் வரும் காட்சி உறைத்தது. எங்கே, காட்டு பார்க்கலாம் என்கிறார் டாம். கேண்டால்ஃபுக்கே தயங்கித் தயங்கிக் கொடுத்த ஃப்ரோடோ, உடனே சங்கிலியை அவிழ்த்து நீட்டிவிடுகிறான், அது அவனுக்கே ஆச்சரியம். டாம் மோதிரத்தைக் கண்ணருகே பிடித்து, அதன் ஓட்டை வழியாக ஒரு நீலக் கண்ணால் எட்டிப் பார்க்கிறார். சுண்டுவிரல் நுனியில் மாட்டி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டுகிறார். அவர் மறையவில்லை. அதைச் சுண்டிப் போட, மறைந்தது மோதிரம். ஃப்ரோடோ அலற, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறார். சந்தேகம் தீராத ஃப்ரோடோ தானே மாட்டிப் பார்க்கிறான். பக்கத்தில் இருக்கிற நண்பனுக்கு அவன் தெரியவில்லை, டாமுக்குத் தெரிகிறது. எலும்பு வரை பயமுறுத்திய பொருளை ஒரு விளையாட்டுச் சாமானாக்கிவிட்டு, மறுபடி கதைபேசப் போய்விடுகிறார்.

அவரே சொல்கிற வயது விவரம் இது: ஆற்றுக்கும் மரத்துக்கும் முன்னால் இங்கே இருந்தவர், முதல் மழைத்துளியும் முதல் ஓக் கொட்டையும் நினைவிருக்கிறது, எல்ஃப்கள் மேற்கே போனபோது ஏற்கெனவே இங்கே இருந்தார், இருள் அரசன் வெளியிலிருந்து வருவதற்கு முன், நட்சத்திரங்களுக்குக் கீழே இருட்டு பயமில்லாமல் இருந்த காலத்தையும் அறிந்தவர். அந்த இருள் அரசன் மெல்கோரா சௌரானா என்று ஒரு வாதம் உண்டு. மெல்கோர் என்றால், உலகத்துக்குள் முதலில் இறங்கியபோதா, அல்லது வாலாரில் ஒருவரான துல்காஸால் விரட்டப்பட்டுப் பிறகு இரவுச் சுவர்களைத் தாண்டித் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தபோதா? இரண்டாவதாக இருந்தால் டாமை ஐனூர் வரிசையில் பொருத்துவது எளிது. முதலாவதாக இருந்தால் பொருத்தவே முடியாது.

யார் இவர் என்பதற்கு வாசகர்கள் சொல்லும் விடைகள் பல. ஏருவே மாறுவேடத்தில் வந்தார் என்பது ஒன்று. இதை ஒரு வாசகர் நேரடியாகவே எழுப்ப, 1954இல் எழுதிய கடிதத்தில் டோல்கீன் மறுத்தார். டாமைத் தத்துவமாக்குவதால் அவர் மேம்படப் போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரு மையா என்பது இன்னொன்று. வசதியான விடைதான், ஆனால் மோதிரம் தடுக்கிறது: மையாக்களான கேண்டால்ஃப் அதை வைத்துக்கொள்ள அஞ்சுகிறார், சாருமான் அதன் ஆசையிலேயே அழிகிறான். டாமுக்கு மட்டும் ஏன் ஒன்றுமே ஆகவில்லை? ஔலேதான் டாம் என்கிற வாதமும் உண்டு, ஆனால் செய்பொருளின் மேல் அத்தனை பற்றுள்ள ஔலேயும் எதன்மேலும் பற்றில்லாத டாமும் எனக்கு ஒரே ஆளாகத் தெரியவில்லை. டோல்கீன் அதே 1954இல் இன்னொரு கடிதத்தில், புராண யுகத்திலும் சில புதிர்கள் இருக்க வேண்டும், டாம் அப்படி வேண்டுமென்றே வைத்த புதிர் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்களே, படைத்தவரே அப்படிச் சொல்லிவிட்டார்.

கதைக்கு வெளியே டாமுக்கு மூலம் உண்டு. டோல்கீன் வீட்டுப் பிள்ளைகளிடம் இருந்த, தொப்பியில் இறகு வைத்த டச்சு பொம்மை அது. அதை வைத்து எழுதிய கவிதை 1934இல் அச்சாகிவிட்டது. 'தி ஹாபிட்' வந்தது 1937இல். ஹாபிட்கள் அச்சேறுவதற்கு மூன்று வருடம் முன்பே டாம் அச்சில் இருந்தார், குட்டி மனிதர்கள் வருவதற்கு முன்பே இருந்தவன் நான் என்று அவர் சொல்வது இப்படியும் பலிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட், பெர்க்ஷயர் பக்கத்தில் மறைந்துகொண்டிருந்த கிராமப்புறத்தின் ஆவி என்று 1937 கடிதத்தில் டோல்கீன் அவரைக் குறிப்பிட்டார். மோதிரத்தை என்ன செய்வது என்று கூடிய எல்ராண்டின் சபையில் கல்டோர் என்கிற எல்ஃப் சொல்கிற ஒரு வரி இதோடு ஒட்டுகிறது: எதிரியை எதிர்க்கும் வலிமை டாமிடம் இல்லை, அப்படி ஒரு வலிமை மண்ணிலேயே இருந்தால் ஒழிய. என் சாய்வு இந்தப் பக்கம்தான். டாம் உலகத்துக்குள் வந்தவர் இல்லை, உலகத்தோடு உண்டானவர்.

அப்படிப் பார்த்தால் டாமும் பெயரற்றவையும் ஒரே வகுப்பு. இரண்டும் வெளியிலிருந்து இறங்கி வந்ததாகத் தெரியவில்லை, இரண்டும் சௌரானின் கணக்குக்கு அப்பால். ஒன்று வெயிலில் ஆற்றோரம் பாடித் திரிகிறது, மற்றது அடியாழத்தில் கல்லை அரிக்கிறது. டாமுக்குப் பெயர்கள் ஏராளம்: எல்ஃப்களுக்கு இயார்வைன் பென்-அதார், அதாவது தகப்பன் இல்லாத மூத்தவர், குள்ளர்களுக்கு ஃபோர்ன், வடக்கத்தி மனிதர்களுக்கு ஓரால்ட். நீங்கள் யார் என்று ஃப்ரோடோ கேட்டபோது, என் பெயர்தான் விடை என்று சொல்லிவிட்டு, பெயரை நீக்கிவிட்டால் நீ யார் என்று அவனையே திருப்பிக் கேட்கிறார். பெயர் நீங்கியவை கீழே இருக்கின்றன, ஆனால் அந்த அத்தியாயத்தில் ஃப்ரோடோவுக்கு அது தெரியாது.

கட்டாயம் ஒருவரைக் கைகாட்டச் சொன்னால் டாமைக் காட்டுவேன். முதலில் இருந்தவர் அவர், மற்றதெல்லாம் வீழ்ந்தால் கடைசியில் வீழ்பவரும் அவரே என்று எல்ஃப் வீரர் க்ளோர்ஃபிண்டெல் அதே சபையில் சொல்கிறார், நாவலுக்குள் அவரைவிட நம்பகமான சாட்சி கிடைப்பது கடினம். பெயரற்றவை அவருக்கு இணையாக இருக்கலாம். வயது கேட்டு யாரும் திரும்பி வந்ததில்லை.

விடை தெரிந்திருக்கக்கூடிய ஒருவர் கேண்டால்ஃப் மட்டும்தான். போர் முடிந்து ஹாபிட்களை ஊர் எல்லை வரை கொண்டுவந்து விடுகிறவர், அங்கேயே பிரிகிறார். டாமைப் பார்க்கப் போகிறாராம், தன் வாழ்நாளில் பேசியிராத அளவுக்கு நீண்ட பேச்சு பேசப் போகிறாராம். குதிரை ஒரே தாவலில் வரப்பைத் தாண்டிச் சமாதி மேடுகளின் பக்கம் காற்றாகப் போய்விடுகிறது. அங்கே என்ன பேசினார்கள் என்பது நாவலில் இல்லை.